நாள்பட உழைக்கும் பொருளை வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தேன். ஒரு பொருளைச் சூடாக்கி, ஈரத்தில் வைத்து, குலுக்கி, அது எந்த மணி நேரத்தில் கெடுகிறது என்று ஏட்டில் குறித்துக்கொள்வதுதான் எங்கள் அன்றாட வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சோதனைக்காரர் என்ற பெயர் என்னை விடவில்லை. அண்டை வீட்டார் குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனாலும், கோயில் நண்பர்கள் மிக்ஸி வாங்கப் போனாலும், முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பொருள்களின் தரம் உண்மையாகவே குறைந்துவிட்டதா? அல்லது இது வயதானவர்களின் வழக்கமான புலம்பலா?

இரண்டும் உண்டு. என் அம்மா 1980களில் வாங்கிய மின்விசிறி இன்னும் ஓடுகிறது என்று நானும் பெருமை பேசுவதுண்டு. அதே காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த இஸ்திரிப் பெட்டி, இரண்டு வானொலிகள், ஒரு தண்ணீர் சூடேற்றி ஆகியவை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவை எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. பிழைத்தவற்றை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துப் பொருள் எல்லாமே கல்லுப்போல இருந்தது என்று தீர்ப்புச் சொல்வது கணக்கில் சேராது.

விலையையும் மறந்துவிடக் கூடாது. அந்த மின்விசிறியை என் தந்தையார் தவணை முறையில் வாங்கி, மாதம் தவறாமல் கடைக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார். இன்று அதே அளவு விசிறியை ஒரு சில நாள் கூலியில் வாங்கிவிடலாம். அந்த விலைக்குள் அடக்குவதற்காகத்தான் தகடு மெலிந்தது, உலோகப் பல்சக்கரம் நெகிழிப் பல்சக்கரமாயிற்று, மோட்டாரில் செம்புக் கம்பி இருந்த இடத்தில் சில மாதிரிகளில் அலுமினியக் கம்பி வந்தது, திருகாணி இருந்த இடத்தில் பசை வந்தது. இவை கற்பனையல்ல; பொருளைப் பிரித்துப் பார்க்கும் எவருக்கும் தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய குளிர்சாதனப் பெட்டி பழையதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது. மோட்டார் வண்டிகளின் அடித்தகடு முன்போல எளிதில் துருப்பிடித்து ஓட்டை விழுவதில்லை. ஆகவே எல்லாமே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நல்லதையும் மட்டமானதையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது கடினமாகிவிட்டது என்பதே சரி, ஏனெனில் இன்று மட்டமான பொருளும் பளபளப்பாகவே இருக்கிறது.

உற்பத்தியாளர்கள் திட்டமிட்டே சீக்கிரம் கெடும்படி செய்கிறார்களா?

அப்படி நடந்ததற்கு வரலாற்றில் ஆவணச் சான்று உண்டு. 1924ஆம் ஆண்டு ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனிவாவில் கூடி, ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாக வரையறுத்து, அதற்கு மேல் எரியும் விளக்கைச் செய்த உறுப்பு நிறுவனத்திற்கு அபராதம் விதித்தார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அந்தக் கூட்டணி கலைந்தது. பிரான்ஸ் நாடு 2015இல், பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கிவிட்டது.

இருந்தாலும் என் அனுபவத்தில் சதியைவிடச் சிக்கனமே பெரிய காரணம். ஒரு பொருளில் ஐந்து காசு மிச்சம் பிடித்தால், பத்து இலட்சம் பொருளில் 50,000 ரிங்கிட் மிச்சம். எந்த உதிரியில் ஐந்து காசு குறைக்கலாம் என்று தேடும் கூட்டத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் கெட வேண்டும் என்று அங்கே யாரும் பேசியதில்லை. உத்தரவாதக் காலத்தைத் தாண்டுமா என்று மட்டும் கேட்பார்கள். தாண்டும் என்று எங்கள் சோதனை காட்டினால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அதற்கு அப்பால் எத்தனை ஆண்டு என்பது யாருடைய கவலையாகவும் இருந்ததில்லை.

வேறு நாட்டில் நன்றாக உழைக்கும் பொருள் நம் ஊரில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீட்டிப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பொருள் வாங்குவது பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை.

மின்னணுத் துறையில் 85க்கு 85 என்றொரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 85 பாகை செல்சியஸ் வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், பொதுவாக 1,000 மணி நேரம். உதிரிப் பாகத்தை அந்தப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால், பல ஆண்டுச் சேதம் சில வாரத்தில் தெரிந்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பொருள் எவ்வளவு விரைவாகக் கெடும் என்பதைத் தொழிற்சாலை நன்றாக அறியும். பினாங்கில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. நம் வீடே ஒரு மிதமான சோதனைப் பெட்டிதான். கடற்கரையை ஒட்டி வாழ்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் குளிரூட்டியின் அலுமினியச் செதில்கள் பொடியாய் உதிர்வதை அங்கே பார்க்கலாம்.

இதனால் முதலில் அடிபடுவது பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். காலணியின் மெத்தென்ற அடிப்பாகம், பொய்த்தோல் சோபா, கைப்பை, அலுவலக நாற்காலி ஆகியவற்றில் இது இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் இதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் இது நடக்கும். என் தம்பி மகன் திருமணத்திற்கென்று, நான்கு ஆண்டுகளாக அலமாரியில் காத்து வைத்திருந்த தோல் காலணியை அணிந்து போனேன். மண்டபப் படியில் ஏறும்போது வலது கால் மெத்தென்று அமுங்கியது. திரும்பிப் பார்த்தால், நான் நடந்து வந்த வழியெல்லாம் கறுப்புப் புட்டு உதிர்ந்ததுபோல அடிப்பாகம் கிடந்தது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. தாலி கட்டும் நேரத்தில் வெறுங்காலோடுதான் நின்றேன். நல்ல வேளையாக மணவறை அருகே எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள்.

ஆகவே காலணி வாங்கும்போது அடிப்பாகம் ரப்பரா என்று கேளுங்கள். தைத்ததாக இருந்தால் தேய்ந்த பிறகு மாற்றவும் முடியும். சோபா வாங்கும்போது அசல் தோல் அல்லது துணி உறையைத் தேர்ந்தெடுங்கள். பொய்த்தோல் சோபா மூன்று நான்கு ஆண்டில் பாம்புச் சட்டைபோல உரிந்தால் அதைப் பயன்படுத்திய குழந்தைகளைத் திட்டுவதில் பயனில்லை.

மரச்சாமானிலும் இதே கதைதான். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் செய்த சமையலறை அலமாரியின் ஓரத்தில் தண்ணீர் ஒருமுறை புகுந்தால் அது இட்லிபோல உப்பும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது. ரப்பர் மரத்தில் செய்த மேசை நாற்காலிகள் நல்லவை, விலையும் நியாயமானது. ஆனால் அந்த மரத்திற்குப் பூச்சியை எதிர்க்கும் இயல்பு இல்லை என்பதால், மருந்தேற்றி உலர்த்திய மரமா என்று விசாரிக்க வேண்டும். செங்கால் என்ற உள்ளூர்க் கெட்டி மரத்தை எளிதில் கறையான் தீண்டாது. பழைய கம்பத்து (கிராமத்து) வீடுகளின் தூண்கள் இன்றும் நிற்பதற்கு அதுவே காரணம். பழைய செங்கால் மேசை ஒன்று யாராவது விற்றால், கால் ஆடுகிறதே என்று தயங்காதீர்கள்.

கடையில் நின்றபடியே தரத்தை எப்படிக் கண்டுகொள்வது?

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கியவர்கள், மண்பானையைச் சுண்டி ஓசை கேட்டு வாங்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். இன்றைய பொருளுக்கும் அப்படிப் பிடித்துப் பார்க்கும் பல் உண்டு. பெரும்பாலும் அது பொருளின் அடிப்புறத்தில் இருக்கிறது. எனவே முதலில் பொருளைத் தலைகீழாகத் திருப்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடியில் திருகாணிகள் தெரிகின்றனவா? சாதாரணத் திருப்புளியால் கழற்றக்கூடிய திருகாணி என்றால், அதைச் செய்தவர் யாரோ ஒருவர் பிற்காலத்தில் திறந்து பார்ப்பார் என்று எண்ணியிருக்கிறார். திருகாணியே இல்லாமல் பசையாலோ உருக்கியோ மூடியிருந்தால், கெட்ட அன்றே அது குப்பை. மின்கம்பி பொருளுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே வளைந்து கொடுக்கும் ரப்பர் உறை இருக்க வேண்டும். அது இல்லாமல் கூர்மையான துளைக்குள் கம்பி நேராக நுழைந்தால், அந்த இடத்தில்தான் ஒருநாள் அறுந்து பொறி பறக்கும். மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பாதுகாப்புக்கான சான்று. பத்தாண்டு உழைக்கும் என்பதற்கான வாக்குறுதியன்று. எரிசக்தி நட்சத்திரங்களும் அப்படியே. ஐந்து நட்சத்திரம் என்றால் மின்சாரம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. லெபோ பாசாரில் ஒரு பாத்திரக் கடையில் என் சகோதரி மகளுக்காக மிக்ஸி பார்த்தோம். விலை ஏறத்தாழ ஒன்றான இரண்டு மாதிரிகள். ஒன்றின் உடல் கனமாக, உலோகப் பூச்சோடு அழகாக இருந்தது. மற்றது வெறும் வெள்ளை நெகிழி, பார்வைக்கு எளியது. இரண்டையும் கவிழ்த்தோம். அழகானதன் அடியில் கனத்திற்காக ஓர் இரும்புத் தட்டு மட்டும் வைத்திருந்தார்கள். கிண்ணத்தையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர், தண்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தது. எளியதில் அந்தக் கப்ளர் தனியாகக் கழன்றது. மஞ்சள் கட்டி சிக்கிக்கொண்டால் முதலில் முறிய வேண்டியது அந்தச் சிறு பாகம்தான். அது முறிவதால்தான் மோட்டார் தப்பிக்கிறது. “இது தனியாகக் கிடைக்குமா?” என்று கேட்டேன். கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு கைப்பிடி கப்ளர்களை எடுத்து மேசையில் கொட்டினார். நாங்கள் வாங்கியது எதை என்று சொல்லத் தேவையில்லை.

எளிதில் உடையும் பாகம் இருப்பதே குறை என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை விரித்துச் சொன்னேன். எது உடைய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அதை மலிவாக மாற்றும்படி செய்திருந்தால் அது கைதேர்ந்த வேலை.

எவர்சில்வர் பாத்திரத்தைக் காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமா?

போதாது. நல்ல பாத்திரத்திற்குரிய 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். காந்தம் பொதுவாக ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த 201, 202 வகைகளிலும் காந்தம் ஒட்டாது. புளி, உப்பு பட்டால் அவற்றில் எளிதில் புள்ளி விழும். காந்தம் ஒட்டும் 430 வகை மட்டம் என்றும் சொல்ல முடியாது. காந்தம் ஒட்டும் பாத்திரம் தேவைப்படும் இண்டக்ஷன் அடுப்புக்கேற்ப அடிப்பாகத்தில் வேண்டுமென்றே அதை வைப்பதுண்டு. வகை எண் பாத்திரத்தின் அடியில் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதும், விளிம்பைக் கட்டை விரலால் அழுத்தித் தகட்டின் தடிமனைப் பார்ப்பதும் காந்தத்தைவிடப் பயன் தரும்.

அதிக விலை கொடுத்தால், பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருளை எடுத்தால், கவலையில்லை அல்லவா?

விலை ஓரளவுக்குத்தான் துணை. மிக மலிவானதிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறும்போது பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொருளின் தரம் ஏறுகிறது. நடுத்தரத்திலிருந்து உச்சத்திற்கு ஏறும்போது, தொடுதிரை, கைப்பேசி இணைப்பு, வண்ண விளக்கு ஆகியவை ஏறுகின்றன. இவை ஒவ்வொன்றும் கெடக்கூடிய இன்னொரு பாகம். என்னைக் கேட்டால், துணி துவைக்கும் இயந்திரம் கைப்பேசியோடு பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பெயரைப் பொறுத்தவரை, நாம் சிறுவயதில் அறிந்த பெயருக்கு இன்று வேறு உரிமையாளர் இருக்கலாம். தோஷிபாவின் வீட்டு உபயோகப் பொருள் பிரிவில் 80.1 விழுக்காட்டுப் பங்கை 2016இல் சீனாவின் மிடியா நிறுவனம் வாங்கியது. பிலிப்ஸ் தன் வீட்டு உபயோகப் பொருள் பிரிவை 2021இல் விற்றுவிட்டது. பெயர் மட்டும் உரிமத்தின்பேரில் தொடர்கிறது. இதனால் தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அம்மா வைத்திருந்த பெட்டியின் நற்பெயரை இன்றைய பெட்டிக்கு அப்படியே எழுதி வைக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். பெயரை விட்டுவிட்டு அந்தக் குறிப்பிட்ட மாதிரியைப் பற்றி விசாரியுங்கள்.

“10 ஆண்டு உத்தரவாதம்” என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

சிறிய எழுத்தைப் படியுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தில் பத்தாண்டு பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். பிற பாகங்களுக்கும் வேலைக் கூலிக்கும் ஓராண்டோ இரண்டாண்டோதான். மோட்டார் எளிதில் கெடுவதில்லை என்பதால்தான் அதற்குப் பத்தாண்டு தருகிறார்கள்! கெடுவது மின்சுற்றுப் பலகை, நீர் வெளியேற்றும் பம்பு, உருளையின் பேரிங். சில மாதிரிகளில் வெளித்தொட்டியை உருக்கி ஒட்டியிருப்பதால், சில ரிங்கிட் பெறும் பேரிங்குக்காகத் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். “பேரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா?” என்று வாங்குமுன் கேட்டுப் பாருங்கள், விற்பனையாளர் விழித்தால் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

ரசீதை வாங்கிய அன்றே படம் பிடித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாள் ரசீது நம் ஊர் வெக்கையில் சில மாதங்களிலேயே வெளுத்து, வெற்றுத் தாளாகிவிடும்.

இன்னொன்று. பொருள்களின் பழுதைக் காலவாரியாக வரைந்தால் குளியல் தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றம்போல ஒரு வளைவு வரும். தொடக்கத்தில் பழுது அதிகம், நடுவில் நெடுங்காலம் குறைவு, கடைசியில் தேய்மானத்தால் மறுபடியும் அதிகம். குறையோடு பிறந்த பொருள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே காட்டிக் கொடுத்துவிடும். எனவே புதுப்பொருளைத் தீபாவளிக்கென்று கட்டி வைக்காமல், வாங்கிய நாளிலிருந்தே நன்றாக ஓட்டுங்கள். கெடுவதானால் உத்தரவாதத்திற்குள் கெடட்டும்.

இந்தியாவிலிருந்து மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவரலாமா?

மின்னழுத்தம் இடிக்காது. இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். செருகி மட்டும் வேறு. அங்கே உருண்டை முனை, இங்கே தட்டையான மூன்று முனை. மாற்றுச் செருகியை நிரந்தரமாக நம்பாமல், மின்வினைஞரிடம் கொடுத்து உருகி (ஃபியூஸ்) உள்ள மூன்று முனைச் செருகியாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது. கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கல் நன்றாக இருந்தால் பெல்ட்டை மாற்றி மாற்றிப் பல ஆண்டு ஆட்டலாம். கொண்டுவரும்போதே இரண்டு பெல்ட்டையும், குக்கர் என்றால் இரண்டு வளையத்தையும் ஒரு பாதுகாப்பு வால்வையும் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் 120 வோல்ட் பொருளை மட்டும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

இணையக் கடையில் வாங்கும்போது மதிப்புரைகளை நம்பலாமா?

வாங்கிய மறுநாளே “விரைவில் வந்தது, நன்றாகக் கட்டியிருந்தார்கள்” என்று ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் பாராட்டுவது அஞ்சல்காரரை. ஓராண்டு கழித்து எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். நான் செய்வது வேறு. பொருளைத் தேடுவதற்கு முன் அதன் மாதிரி எண்ணோடு வளையம், பெல்ட், வடிகட்டி, மூடி என்று உதிரிப் பாகத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுவேன். பல கடைகள் அந்த உதிரியை விற்றால், அந்தப் பொருளைப் பலர் பழுதுபார்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெளிவாகும். எதுவுமே கிடைக்கவில்லையென்றால், அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

லோரோங் கூலிட் சந்தையில் பழைய பொருள் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், காலையில் போனால். இரும்புச் சட்டி, கைக்கருவிகள், கெட்டி மரச்சாமான், கறுப்புத் தையல் இயந்திரம் ஆகியவற்றை அச்சமின்றி வாங்குங்கள். பழைய சிங்கர் இயந்திரத்தின் பரவலான மாதிரிகள் பலவற்றுக்கு இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஊசியே பொருந்தும். எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, இறுகாமல் சுழன்றால் போதும். தலைக்கவசம், மெத்தை, பூச்சு உரிந்த சோற்றுப் பானை, வால்வு தெரியாத பிரஷர் குக்கர் ஆகியவை வேண்டாம்.

கெட்டுப்போனால் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

முதலில் என்ன கெட்டது என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். கூரை விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது உறுமிக்கொண்டு நிற்கிறது, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால், பத்தில் எட்டுத் தடவை கெப்பாசிட்டர்தான் என்று பழுதுபார்ப்பவர்கள் சொல்வார்கள். என் அனுபவமும் அப்படித்தான். சில ரிங்கிட் விலை. பழையதில் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் எண்ணுள்ளதை வாங்கி மாற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டி குளிரவில்லை என்றால் கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றினால் போதும். நுண்ணலை அடுப்பை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

மின்னணுப் பொருளின் ஆயுளை நீட்டிக்க எளிய வழி வெப்பத்தைக் குறைப்பதுதான். மின்சுற்றுப் பலகையிலுள்ள கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 பாகை குறைந்தால் ஏறத்தாழ இரு மடங்காகும். மூடிய கூட்டுக்குள் மாட்டிய எல்இடி விளக்கு சீக்கிரம் கெடுவது இதனால்தான். அங்கே ஒளிரும் பகுதி கெடுவதில்லை. வெக்கையில் புழுங்கிக் கெடுவது அதன் அடியிலுள்ள சுற்று. இணைய மோடத்தைச் சாமி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

கடைக்காரர் கைவிரித்துவிட்டால் சட்டம் உதவுமா?

உதவும், நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தின் ஓர் அங்கமாக அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கடையில் தொங்கும் “விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்” என்ற அட்டை இந்த உரிமையைப் பறித்துவிடாது. 37ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்திற்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அவை கிடைக்காது என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால் அந்தப் பிரிவு பொருந்தாது. பெட்டியின் மேல் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில், மூன்றாண்டுக்குள் பதிவு செய்யலாம். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு வழங்க முயல வேண்டும் என்பது விதி. என் அண்டை வீட்டம்மா ஒருவர், பதினான்கு மாதத்தில் நின்றுபோன குளிர்சாதனப் பெட்டிக்காக மனு எழுதினார். அந்தக் கடையோ உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தது. மனுவின் நகல் கையில் கிடைத்த அதே வாரத்தில் ஆள் அனுப்பிக் கம்ப்ரசரை மாற்றிக் கொடுத்தார்கள். மனு எழுதத் தயங்குபவர்கள், எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், தமிழிலும் பேசலாம்.

நெடுநாள் உழைக்கும் ஒட்டாத தோசைக்கல் எது?

அப்படி ஒன்று இல்லை. ஒட்டாத பூச்சு தேயும் பொருள். எவ்வளவு விலை கொடுத்தாலும் சில ஆண்டுதான். அடுப்பைக் கொளுத்திவிட்டு வெறும் கல்லைக் காயவிட்டால் இன்னும் சீக்கிரம் போகும். இரும்புத் தோசைக்கல்லை வாங்குங்கள். முதல் நாள் நன்றாகக் கழுவி, காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, இதையே நான்கைந்து முறை செய்யுங்கள். முதல் மூன்று தோசை ஒட்டும். அவற்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்து நான்காவதை ஊற்றுங்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து ஊற வைக்க வேண்டாம், ஈரத்தோடு அடுக்கவும் வேண்டாம்.